5.66 ஈ.ஆர்.ஏ.வோடு உலகத் தொடர்: 2019 வாஷிங்டன் நேஷனல்ஸ் புல்பென்னின் கதை

2019 பேஸ்பால் பருவத்தின் 162 ஆட்டங்கள் முடிந்தபோது வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியின் புல்பென், அதாவது ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வந்து பந்து வீசும் ரிலீவர்கள், வைத்திருந்த ஈ.ஆர்.ஏ. 5.66. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார்கள் என்ற கணக்கு அது; குறைவாக இருப்பதே நல்லது. அமெரிக்க மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான தேசிய லீக்கின் 15 அணிகளில் அதுதான் கடைசி இடம். மற்றொரு பிரிவான அமெரிக்க லீக்கையும் சேர்த்துப் பார்த்தால் அதைவிட மோசமாக இருந்தது பால்டிமோர் ஓரியோல்ஸ் மட்டுமே. அந்த அணி அந்த ஆண்டு 108 ஆட்டங்களில் தோற்றது. பருவத்துக்குப் பிந்தைய பிளேஆஃப் சுற்றுக்குள் நுழைந்த எந்த அணியும் அதற்குமுன் இவ்வளவு உயர்ந்த புல்பென் ஈ.ஆர்.ஏ.வோடு நுழைந்ததில்லை. அப்படிப்பட்ட அணி அக்டோபர் 30 அன்று ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியை அதன் ஊரிலேயே வீழ்த்தி, சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடரை வென்றது.

கடைசி நேரத்தில் புல்பென் தேறிவிட்டது என்று இதற்கு ஒரு சுலபமான விளக்கம் உண்டு. நடந்தது வேறு. புல்பென்னில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அக்டோபரிலும் ஏப்ரலில் இருந்தபடியேதான் இருந்தார்கள். பந்தை யார் கையில் கொடுப்பது என்ற பட்டியல்தான் சுருங்கியது. ஆறு மாதம் ஓடும் பருவத்தில் அப்படிச் சுருக்கவே முடியாது, அக்டோபரில் முடியும். ஏன் என்று புரிய, ரிலீவர்களின் வேலை எப்படி நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸ்; இன்னிங்ஸுக்கு மூன்று அவுட் என எதிரணியின் 27 பேரை அவுட் ஆக்க வேண்டும். தொடக்கப் பிட்சர் (பந்து வீசுபவர்), அதாவது ஸ்டார்ட்டர், 90 முதல் 100 பந்துகள் வரை வீசி ஐந்து அல்லது ஆறு இன்னிங்ஸைக் கடத்துவார். ஐந்து ஸ்டார்ட்டர்கள் முறைவைத்து வருவதால் ஒவ்வொருவருக்கும் நான்கு நாள் ஓய்வு. மீதமிருக்கும் 9 முதல் 12 அவுட்களை எடுப்பது ரிலீவர்களின் பொறுப்பு. அப்போதைய 25 பேர் கொண்ட அணியில் ஏழு அல்லது எட்டு ரிலீவர்கள் இருப்பார்கள். கிரிக்கெட்டில் ஒரு பந்துவீச்சாளரை இரண்டு ஓவர் போடவைத்து நிறுத்திவிட்டு, கடைசியில் திரும்பக் கூப்பிடலாம். பேஸ்பாலில் களத்தை விட்டு ஒருமுறை வெளியே போனவர் அன்று திரும்பி வர முடியாது. மேனேஜர் (களத்தில் அணியை நடத்தும் தலைமைப் பயிற்சியாளர்) ஒருவரை அழைக்கும் ஒவ்வொரு முறையும் கையிருப்பில் ஒன்று குறைகிறது.

ரிலீவர்களுக்குள்ளும் வரிசை உண்டு. ஸ்டார்ட்டர் சீக்கிரமே அடிபட்டால் மூன்று நான்கு இன்னிங்ஸ் தாங்குபவர் லாங் மேன். ஆறாவது, ஏழாவது இன்னிங்ஸுக்கு நடுவரிசைக்காரர்கள். எட்டாவதுக்கு செட்டப் மேன். ஒன்பதாவதில் முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிப்பவர் குளோசர். அவருக்குக் கிடைக்கும் புள்ளிதான் 'சேவ்'. வென்ற அணிக்காக ஆட்டத்தை முடித்துவைக்கும் பிட்சர், மூன்று ரன்னுக்கு மிகாத முன்னிலையோடு உள்ளே வந்து குறைந்தது ஒரு இன்னிங்ஸ் வீசினால் சேவ் கிடைக்கும். சமன் செய்யும் ரன்னுக்கு உரியவர் பேஸிலோ (ரன் எடுக்க வரிசையாகத் தொட்டுக் கடக்க வேண்டிய இடங்களில் ஒன்று), அடிக்கும் இடத்திலோ, அடுத்து அடிக்கக் காத்திருக்கும் இடத்திலோ இருக்கும்போது வந்தாலும் கிடைக்கும். மூன்று இன்னிங்ஸ் வீசி முடித்தாலும் கிடைக்கும். 1969 முதல் அதிகாரபூர்வமாக எண்ணப்படும் இந்தப் புள்ளி மேனேஜர்களின் மூளையை அளவுக்கு மீறி ஆட்டிவைக்கிறது என்பது என் கருத்து. வெளியூர் ஆட்டம் சமனில் இருக்கும்போது, சேவ் வாய்ப்புக்காகச் சிறந்த ரிலீவரை உட்காரவைத்து, அவர் ஒரு பந்துகூட வீசாமலேயே தோற்ற அணிகள் ஏராளம். தோற்றால் வெளியேற வேண்டிய ஒற்றை ஆட்டமான 2016 வைல்ட் கார்டு ஆட்டத்தில் ஓரியோல்ஸ் மேனேஜர் பக் ஷோவால்டர், அந்த ஆண்டு 0.54 ஈ.ஆர்.ஏ. வைத்திருந்த ஜாக் பிரிட்டனை அழைக்கவே இல்லை. உபால்டோ ஹிமெனெஸ் வீசிய பந்தில் டொரொன்டோவின் எட்வின் என்கார்னசியோன் 11வது இன்னிங்ஸில் ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்து ஆட்டத்தை முடித்தார்.

வெளியே தெரியாத உழைப்பும் இதில் இருக்கிறது. மேனேஜர் உட்காரும் இடத்திலிருந்து, ரிலீவர்கள் தயாராகும் இடமான புல்பென்னுக்குத் தொலைபேசி போகும். அங்கே பந்து வீச இரண்டு மேடுகள், அதைப் பிடிக்க இரண்டு கேட்சர்கள், ஒரு பயிற்சியாளர். நேஷனல்ஸில் அவர் ஹென்றி பிளாங்கோ. உள்ளே வருவதற்குமுன் ஒரு ரிலீவர் 20 அல்லது 25 பந்துகள் வீசித் தோளைச் சூடாக்கிக்கொள்வார். களத்து மேட்டுக்கு வந்தபின் மேலும் 8 பந்துகள். பிறகு உண்மையான இன்னிங்ஸுக்கு 15 முதல் 20 பந்துகள். கணக்கேட்டில் ஏறுவது இந்தக் கடைசிப் பகுதி மட்டும்தான். எழுந்து சூடாகிவிட்டு, ஆட்டத்துக்கு வராமலே உட்கார்ந்த இரவுகள் எந்தப் புள்ளிவிவரத்திலும் இருக்காது. தோளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாள் வீசியவருக்கு மூன்றாம் நாள் ஓய்வு கொடுப்பது ஏறக்குறைய எல்லா அணிகளிலும் வழக்கம். நம்பிக்கைக்குரியவர் ஒருவரோ இருவரோ மட்டும் உள்ள அணியில் இந்த வழக்கம் முதலில் உடையும்.

ஈ.ஆர்.ஏ. பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு பிட்சர் கொடுத்த ரன்களை, ஃபீல்டர்களின் பிழையால் வந்தவற்றைக் கழித்துவிட்டு, 9ஆல் பெருக்கி, அவர் வீசிய இன்னிங்ஸால் வகுத்தால் வருவது. 180 இன்னிங்ஸ் வீசும் ஸ்டார்ட்டருக்கு இது ஓரளவு நம்பகமான எண். ஆண்டுக்கு 60 இன்னிங்ஸ் வீசும் ரிலீவருக்கு அப்படியில்லை. 60 இன்னிங்ஸில் 20 ரன் கொடுத்தவரின் ஈ.ஆர்.ஏ. 3.00. அவரே இன்னொரு நாள் வந்து, ஒரே ஒரு அவுட் எடுப்பதற்குள் 5 ரன் கொடுத்தால் அது 3.73 ஆகிவிடும். ஒரு மோசமான இரவு, ஆறு மாத உழைப்பின் முகத்தையே மாற்றிவிடுகிறது. இன்னொரு கோளாறும் உண்டு. பேஸ்களில் இருவரை விட்டுவிட்டு ஒரு ரிலீவர் வெளியேற, அடுத்து வந்தவர் அந்த இருவரையும் ஓடி ரன் எடுக்கவிட்டால், ரன்கள் முன்னவர் கணக்கில்தான் ஏறும். பின்னவர் தன் வேலையில் தோற்றும் அவருடைய ஈ.ஆர்.ஏ. பளபளப்பாகவே இருக்கும். ரிலீவரை எடைபோடுபவர்கள் இதனால்தான் ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட் ஆக்குவது), வாக் (நான்கு பந்துகள் குறி தவறியதால் பேட்டர் இலவசமாக முதல் பேஸுக்குப் போவது), ஹோம் ரன் ஆகிய மூன்றையும், முன்னவர் விட்டுச்சென்றவர்களில் எத்தனை பேரை இவர் ஓடவிட்டார் என்பதையும் தனியாகப் பார்க்கிறார்கள்.

இனி 2019க்கு வருவோம். பொது மேலாளர் மைக் ரிஸோ பணத்தை ஸ்டார்ட்டர்களில் கொட்டியிருந்தார். மேக்ஸ் ஷெர்சருக்கு 7 ஆண்டுக்கு 21 கோடி டாலர், ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்குக்கு 7 ஆண்டுக்கு 17.5 கோடி, புதிதாக வந்த பேட்ரிக் கார்பினுக்கு 6 ஆண்டுக்கு 14 கோடி. இவர்களோடு அனிபல் சான்செஸ். புல்பென்னில் குளோசர் ஷான் டூலிட்டில் மட்டும் உறுதி. அவருக்கும் ஸ்டார்ட்டர்களுக்கும் இடையே இருக்கும் ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸ்களை ட்ரெவர் ரோசன்தாலும் கைல் பாராக்ளவும் தாங்குவார்கள் என்பது திட்டம். திட்டம் தவறு என்று அன்று யாரும் சொல்லியிருக்க முடியாது. ரோசன்தால் 2014, 2015 ஆகிய இரு ஆண்டுகளிலும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காகக் குறைந்தது 45 சேவ் எடுத்தவர்.

ஆனால் அவர் 2017 ஆகஸ்டில் முழங்கையில் டாமி ஜான் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, 2018 முழுவதும் ஆடாமல் இருந்து, 70 லட்சம் டாலருக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்திருந்தார். இந்தச் சிகிச்சைக்குப்பின் வேகம் முதலில் திரும்பும். குறி கடைசியில்தான் திரும்பும். ரோசன்தாலின் பந்து மணிக்கு 98 மைலைத் தொட்டது, ஆனால் எங்கே போகும் என்று அவருக்கே தெரியவில்லை. முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு அவுட்கூட எடுக்காமல் ரன்களை மட்டும் கொடுத்தார். வகுக்கும் இன்னிங்ஸ் பூஜ்யம் என்பதால் அவருடைய ஈ.ஆர்.ஏ. முடிவிலி என்று பலகையில் காட்டப்பட்டது. அணியில் இருந்தவரை 12 ஆட்டங்கள், 6⅓ இன்னிங்ஸ், 15 வாக், ஈ.ஆர்.ஏ. 22.74. ஜூன் 23 அன்று விடுவித்துவிட்டார்கள்.

குறி தவறும் ஸ்டார்ட்டருக்கும் குறி தவறும் ரிலீவருக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. ஸ்டார்ட்டர் முதல் இன்னிங்ஸில் இரண்டு வாக் கொடுத்துவிட்டு, மூன்றாவது இன்னிங்ஸுக்குள் தாளத்துக்கு வந்துவிடலாம். ரிலீவருக்கு மொத்தமே 15 பந்துகள். தாளம் வரும்போது அவர் வேலை முடிந்திருக்கும், அல்லது ஆட்டம் கைநழுவியிருக்கும். அதோடு வாக் என்பது ரிலீவரின் கையில் மிகவும் விலை கூடியது: ஒரு ரன் முன்னிலையில் முதல் பேட்டருக்கு வாக் கொடுத்தால், சமன் செய்யும் ரன் இலவசமாக முதல் பேஸில் நிற்கிறது, அதற்குப் பிறகு ஒரே ஒரு தவறான பந்து போதும்.

சிக்கல் ஒருவரோடு நிற்காதது ஏன் என்பதுதான் முக்கியம். எட்டாவது இன்னிங்ஸுக்கு வைத்திருந்தவர் தோற்றால், ஏழாவதுக்கு வைத்திருந்தவர் எட்டாவதுக்கு ஏறுகிறார். ஆறாவதுக்காரர் ஏழாவதுக்கு. ஒவ்வொருவரும் தன் திறனுக்கு ஒரு படி மேலான வேலையைச் செய்கிறார். எதிரணியின் வலிமையான இடக்கை பேட்டர்களைச் சந்திக்க மட்டுமே அழைக்கப்பட வேண்டிய டோனி சிப், மேட் கிரேஸ் போன்றவர்கள் வலக்கை பேட்டர்களையும் சந்திக்க நேர்ந்தது. இப்படி ஒரு இடத்தில் விழுந்த ஓட்டை எல்லாருடைய எண்களையும் கெடுத்தது. மே 2 அன்று பிட்சிங் பயிற்சியாளர் டெரெக் லில்லிக்விஸ்டை நீக்கிவிட்டு, கீழ்நிலை அணிகளின் பிட்சிங்கை ஒருங்கிணைத்துவந்த பால் மென்ஹார்ட்டைக் கொண்டுவந்தார்கள். பயிற்சியாளரை மாற்றுவது மலிவானது, செய்தியாளர்களுக்கும் ஏதாவது சொல்லலாம். மே மாதத்தில் அது எதையும் மாற்றவில்லை.

மே 20 முதல் 23 வரை நியூயார்க்கில் மெட்ஸ் அணியோடு நான்கு ஆட்டங்கள், நான்கும் தோல்வி. மே 22 ஆட்டம் அந்தப் பருவத்தின் பாடநூல் எனலாம். ஷெர்சர் 6 இன்னிங்ஸ் ரன் எதுவும் கொடுக்காமல் முடித்தார். நேஷனல்ஸ் 1-0 முன்னிலை. மேனேஜர் டேவ் மார்ட்டினெஸுக்கு எட்டாவது இன்னிங்ஸைத் தாண்ட ஆள் இல்லை. பேஸ்களில் ஆட்கள் இருக்கும் நிலையில், ஒன்பதாவதுக்கு வரவேண்டிய டூலிட்டிலை எட்டாவதிலேயே கூப்பிட்டார். மெட்ஸின் ஹுவான் லகாரெஸ் பேஸ்கள் நிரம்பிய நிலையில் டபிள் (அடித்தவர் இரண்டாம் பேஸை எட்டும் அடி) அடித்து மூன்று ரன் எடுத்தார். பிறகு ரஜாய் டேவிஸ் மூன்று ரன் ஹோம் ரன். 6-1. மறுநாள் வாண்டர் சுவேரோவின் பந்தில் கார்லோஸ் கோமஸ் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார், அதுவும் எட்டாவது இன்னிங்ஸில். பருவத்தில் அதுவரை நேஷனல்ஸின் கணக்கு: வெற்றி 19, தோல்வி 31.

மே 22 அன்று மார்ட்டினெஸ் எடுத்த முடிவைப் பலர் குறைசொன்னார்கள். சொன்னவர்கள் தவறு. ஒரு ரன் முன்னிலையில், இருவர் பேஸில் நிற்க, எட்டாவது இன்னிங்ஸில் இருப்பதுதான் அந்த இரவின் மிக நெருக்கடியான கட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு ஆட்டம் அப்படியே போய்ச்சேருமா என்பதே அங்கேதான் முடிவாகிறது. லெவரேஜ் இன்டெக்ஸ் என்ற அளவுகோலில் சராசரிக் கட்டம் 1. இத்தகைய கட்டங்கள் அதைப் போல இரண்டு மூன்று மடங்குக்கு மேல் போகும். அங்கே சிறந்தவரைக் கொண்டுவருவது சரியான கணக்கு. கணக்கு சரியாக இருந்தும் விளைவு மோசமாக வரலாம், ரிலீவர் விஷயத்தில் அது அடிக்கடி வரும்.

அந்த நாளுக்குப்பின் நேஷனல்ஸ் 74 ஆட்டங்கள் வென்று 38இல் தோற்றது. ஸ்டார்ட்டர்கள் நீண்ட நேரம் வீசியதுதான் முதல் காரணம். ஸ்ட்ராஸ்பர்க் 209 இன்னிங்ஸ், கார்பின் 202. ஸ்டார்ட்டர் ஏழாவது இன்னிங்ஸை முடித்துக்கொடுத்தால் புல்பென்னின் பலவீனமான பகுதி வெளியே வரவே தேவையில்லை. பருவம் முழுவதும் நேஷனல்ஸ் ரிலீவர்கள் வீசியது சுமார் 500 இன்னிங்ஸ்தான். இதை வைத்து ஒரு மனக்கணக்குப் போடலாம். 500 இன்னிங்ஸில் 5.66 என்றால் ஏறக்குறைய 314 ரன்கள். அந்த ஆண்டு இரு லீக்குகளின் ரிலீவர் சராசரி ஏறத்தாழ நான்கரை. அது 250 ரன்கள். வித்தியாசம் 64. பத்து ரன்னுக்கு ஒரு வெற்றி என்பது வழக்கமான மதிப்பீடு. ஆக, சராசரியான புல்பென் இருந்திருந்தால் நேஷனல்ஸ் 93க்குப் பதில் 99 ஆட்டங்கள் வென்றிருக்கலாம். வலிக்கும் இழப்புதான், ஆனால் பருவத்தையே மூழ்கடிக்கும் இழப்பு இல்லை. 873 ரன் எடுத்து 724 ரன் கொடுத்த அணி அது. பேட்டிங்கும் ஸ்டார்ட்டர்களும் மீதியைத் தாங்கினார்கள்.

அந்த ஆண்டின் பந்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2019இல் இரு லீக்குகளிலும் 6,776 ஹோம் ரன்கள் விழுந்தன, வரலாற்றிலேயே அதிகம். பந்தின் காற்றுத்தடை குறைந்திருந்ததால் முன்பு வேலியருகே பிடிபட்டவை வேலியைத் தாண்டின. டூலிட்டில் போன்ற ரிலீவருக்கு இது நேரடியான அடி. அவர் வீசும் பந்துகளில் பெரும்பங்கு ஃபாஸ்ட்பால் (நேரான வேகப்பந்து). அதையும் ஸ்ட்ரைக் பகுதியின் (சரியான பந்தாக எண்ணப்படும் பரப்பின்) மேல்விளிம்பில் வீசுவார். பேட்டர்கள் அதன் அடியில் வெட்டி உயரத் தூக்கிவிடுவதுதான் அவருடைய வெற்றியே. உயரப் போன பந்து முன்பைவிடப் பத்தடி கூடுதலாகப் போனால் கதை மாறிவிடும்.

டூலிட்டிலின் இன்னொரு சிக்கல் வேலைப்பளு. நம்பிக்கைக்குரியவர் அவர் ஒருவரே என்பதால் ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை ஒவ்வொரு நெருக்கமான ஆட்டத்திலும் அவரையே அழைத்தார்கள். ஆகஸ்ட் 9 அன்று மெட்ஸிடம் ஒன்பதாவது இன்னிங்ஸில் மூன்று ரன் முன்னிலையைக் கோட்டைவிட்டார். ஆகஸ்ட் 17 அன்று மில்வாக்கி புரூவர்ஸ் அணி அவருடைய பந்தில் ஒன்பதாவது இன்னிங்ஸில் மூன்று ஹோம் ரன் அடித்து 4 ரன் எடுத்தது. 14 இன்னிங்ஸ் நீண்ட அந்த ஆட்டத்தை நேஷனல்ஸ் 15-14 எனத் தோற்றது. மறுநாளே வலது முழங்கால் தசைநாண் அழற்சி என்று காயப்பட்டியலில் போட்டார்கள். இடக்கைப் பிட்சரான அவர் பந்தை விடும்போது இறங்கிக் குத்தும் கால் வலதுகால்தான். அது உறுதியாக ஊன்றாவிட்டால் பந்தை விடும் உயரம் குறையும், மேல்விளிம்புக்குப் போகவேண்டிய பந்து பெல்ட் உயரத்துக்கு வரும். பருவ முடிவில் அவருடைய ஈ.ஆர்.ஏ. 4.05. அந்த ஒரே இரவின் 4 ரன்களைக் கழித்தால் ஏறத்தாழ 3.45.

ஜூலை 31 இதற்குள் கடந்துவிட்டிருந்தது. அதுவரை ஆகஸ்டிலும் வீரர்களை மாற்றிக்கொள்ள வழிவிட்ட வேவர் வர்த்தகத்தை லீக் அந்த ஆண்டுதான் ஒழித்தது. ஜூலை 31ஐத் தவறவிட்டால் பிறகு உருப்படியான வர்த்தகமே கிடையாது என்ற நிலையில் ரிஸோ ஒரே நாளில் மூன்று ரிலீவர்களை வாங்கினார்: சியாட்டிலிலிருந்து ரோயனிஸ் எலியாஸ், ஹண்டர் ஸ்ட்ரிக்லண்ட், டொரொன்டோவிலிருந்து டேனியல் ஹட்சன். மூவரில் ஒருவர் தேறினாலே லாபம் என்பதுதான் இப்படி வாங்குவதன் தர்க்கம், அப்படியே ஆயிற்று. தேசிய லீக்கில் அப்போது பிட்சர்களும் அடிக்க வேண்டும். எலியாஸ் தன் முதல் ஆட்டத்திலேயே பந்தை அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடித் தொடையின் பின்தசையைக் காயப்படுத்திக்கொண்டார். ரிலீவரை மட்டையோடு அனுப்பினால் அசையாமல் நின்றுவிட்டு வரச்சொல்லி அனுப்புவது ஏன் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு சம்பவம் போதும். ஸ்ட்ரிக்லண்ட் கைகொடுக்கவில்லை.

ஹட்சன் கொடுத்தார். 2012, 2013 என்று அடுத்தடுத்து இரண்டு டாமி ஜான் சிகிச்சைகள் செய்துகொண்டவர், அந்த ஆண்டு வசந்தகாலப் பயிற்சியில் ஏஞ்சல்ஸ் அணி விடுவித்துவிட்டவர். நேஷனல்ஸுக்கு 24 ஆட்டங்களில் 25 இன்னிங்ஸ் வீசி 1.44 ஈ.ஆர்.ஏ. அவருக்குக் கொடுக்கப்பட்ட விலை கைல் ஜான்ஸ்டன் என்ற ஒரு கீழ்நிலைப் பிட்சர். ஹட்சனால் வந்த பெரிய பயன் அந்த 25 இன்னிங்ஸைவிட, டூலிட்டிலுக்குக் கிடைத்த மூச்சுவிடும் நேரம். டூலிட்டில் செப்டம்பரில் திரும்பியபோது அவர் ஒரே ஆள் இல்லை. மே மாதத்தில் ஒவ்வொருவரும் ஒரு படி மேலே ஏற நேர்ந்ததல்லவா, இப்போது ஒவ்வொருவரும் ஒரு படி இறங்க முடிந்தது. 97 மைலுக்கு மேல் வீசி 48⅓ இன்னிங்ஸில் 74 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தவர் டானர் ரெய்னி. 38 வாக்கும் கொடுத்தவர் என்பதால் அவரை ஏழாவது இன்னிங்ஸோடு நிறுத்திக்கொள்ளலாம். 78 ஆட்டங்களில் வீசிக் களைத்த சுவேரோவை இன்னும் கீழே வைக்கலாம்.

எதிரணிகளின் புல்பென்னும் அந்த ஆண்டு பொன்னாக இல்லை என்பதற்கு செப்டம்பர் 3 ஆட்டம் சாட்சி. ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதி தொடங்கும்போது மெட்ஸ் 10-4 என்று முன்னால். நேஷனல்ஸ் அதே இன்னிங்ஸில் 7 ரன் எடுத்து 11-10 என்று வென்றது. மெட்ஸ் பெரிய விலை கொடுத்து வாங்கிவந்த குளோசர் எட்வின் டியாஸின் பந்தில் கர்ட் சுசூகி மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். டியாஸ் அதற்கு முந்தைய ஆண்டு சியாட்டிலுக்காக 57 சேவ் எடுத்தவர்.

இனி அக்டோபர் கணக்கு. வழக்கமான பருவத்தில் 186 நாட்களில் 162 ஆட்டங்கள். அக்டோபரில் நேஷனல்ஸ் ஆடியது 30 நாட்களில் 17 ஆட்டங்கள். இந்த இரண்டு விகிதங்களுக்கு இடையில்தான் எல்லாம் இருக்கிறது. வாரத்துக்கு ஆறு ஆட்டம் ஆடும்போது இரண்டு ரிலீவர்களை மட்டும் நம்பி ஓட்டினால் ஜூனுக்குள் இருவருக்கும் தோள் போய்விடும். வாரத்துக்கு நான்கு ஆட்டம், நடுவே பயண நாட்கள் என்றால் ஓட்டலாம். மீதமுள்ள இன்னிங்ஸ்களுக்கு மார்ட்டினெஸ் ஸ்டார்ட்டர்களையே எடுத்துக்கொண்டார்.

இது வெறும் துணிச்சல் அல்ல, பயிற்சி முறையிலேயே இதற்கு இடம் இருக்கிறது. ஸ்டார்ட்டர்கள் இரண்டு ஆட்டங்களுக்கு இடையே, பெரும்பாலும் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள், புல்பென்னில் 25 முதல் 40 பந்துகள் வீசுவார்கள். தோள் இறுகாமல் இருக்கவும், பந்தின் பிடியைச் சரிபார்க்கவும் செய்யும் வேலை அது. அந்த 25 பந்துகளைப் புல்பென்னில் வீணாக்காமல் எட்டாவது இன்னிங்ஸில் வீசவைத்தால், முதல்தரப் பிட்சரின் ஒரு இன்னிங்ஸ் கூடுதலாகக் கிடைக்கிறது. பருவம் முழுவதும் இப்படிச் செய்ய முடியாது. ஆட்டத்தில் வீசும் பந்து பயிற்சிப் பந்தைவிடக் கடுமையானது, அடுத்த ஆட்டத்தில் அதன் விலை தெரியும். ஒரு மாதத்துக்குத் தாங்கும்.

அக்டோபர் 1, புரூவர்ஸ் அணியோடு வைல்ட் கார்டு ஆட்டம்: ஷெர்சர் 5 இன்னிங்ஸ், பிறகு ஸ்ட்ராஸ்பர்க் 34 பந்துகளில் 3 இன்னிங்ஸ், ஒன்பதாவதுக்கு ஹட்சன். மேஜர் லீக்கில் ஸ்ட்ராஸ்பர்க் ரிலீவராக வந்தது அதுவே முதல்முறை. அடுத்த சுற்றில், அக்டோபர் 4 அன்று டாட்ஜர்ஸ் அணிக்கு எதிராக அவரே ஸ்டார்ட்டர். அந்த ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸுக்கு ஷெர்சர் வந்து மூவரையும் ஸ்ட்ரைக்அவுட் செய்தார். ஆனால் இந்த முறை எல்லா இரவிலும் பலிக்கவில்லை. அக்டோபர் 3 அன்று ஸ்டார்ட்டராக வீசிய கார்பினை இரண்டு நாள் இடைவெளியில் அக்டோபர் 6 அன்று 2-1 முன்னிலையோடு ஆறாவது இன்னிங்ஸுக்கு அழைத்தார்கள். அவர் இரண்டு அவுட் எடுப்பதற்குள் அவர் கணக்கில் 6 ரன்; அடுத்து வந்த சுவேரோவின் பந்தில் ஜஸ்டின் டர்னர் மூன்று ரன் ஹோம் ரன். 10-4 தோல்வி. களைத்த கையின் ஸ்லைடர் (பக்கவாட்டில் திரும்பும் பந்து) திரும்பாமல் மிதந்து நிற்கும். கார்பினின் ஆயுதமே ஸ்லைடர்தான்.

பட்டியலுக்கு வெளியே போனபோது என்ன ஆயிற்று என்பதும் பதிவாகியிருக்கிறது. உலகத் தொடரின் நான்காவது ஆட்டம், ஹூஸ்டன் 4-1 என்று முன்னால் இருந்தும், இன்னும் எட்டும் தூரத்தில் இருந்தது. ஏழாவது இன்னிங்ஸில் 42 வயது பெர்னாண்டோ ராட்னியின் பந்தில் ஹூஸ்டனின் அலெக்ஸ் பிரெக்மன் கிராண்ட் ஸ்லாம் (பேஸ்கள் நிரம்பிய நிலையில் ஹோம் ரன், நான்கு ரன்) அடிக்க, 8-1. அதற்கு முந்தைய சுற்றில், கார்டினல்ஸ் தொடரின் முதல் ஆட்டத்தில் ஹட்சன் குழந்தை பிறப்பு விடுப்பில் போயிருந்தார். அன்று சான்செஸ் 7⅔ இன்னிங்ஸ் வரை இழுத்துக்கொடுத்தார், டூலிட்டில் நான்கு அவுட் எடுத்து 2-0 என்று முடித்தார். ஒருவர் இல்லாமலே பட்டியல் தாங்கியதற்குக் காரணம் அந்த 7⅔ இன்னிங்ஸ்தான்.

உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், அக்டோபர் 30. மூன்று நாள் முன்பு கழுத்தைத் திருப்பவே முடியாமல் இருந்த ஷெர்சர் 5 இன்னிங்ஸில் 2 ரன் கொடுத்து நின்றார். நான்காவது ஆட்டத்தில் ஸ்டார்ட்டராக வீசி மூன்று நாள் ஓய்வெடுத்திருந்த கார்பின் 3 இன்னிங்ஸ், ரன் எதுவும் இல்லை. ஒன்பதாவது ஹட்சன். மூன்றே பிட்சர்கள். எதிர்ப்பக்கம் ஹூஸ்டன் மேனேஜர் ஏ.ஜே. ஹின்ச்சிடம் பருவத்தில் 1.50 ஈ.ஆர்.ஏ. வைத்திருந்த வில் ஹாரிஸ் இருந்தார். ஏழாவது இன்னிங்ஸில் நேஷனல்ஸின் அந்தோனி ரெண்டோன் ஹோம் ரன் அடித்து, ஹுவான் சோட்டோவுக்கு வாக் போனதும், 80 பந்துகளே வீசியிருந்த ஸ்டார்ட்டர் ஜாக் கிரெய்ன்கியை எடுத்துவிட்டு ஹின்ச் ஹாரிஸை அழைத்தார். ஹாரிஸ் வீசிய கட்டர் (கடைசியில் சற்றே விலகும் வேகப்பந்து) வெளிப்பக்கம், முழங்கால் உயரத்தில், போடவேண்டிய இடத்திலேயே போயிற்று. நேஷனல்ஸின் ஹோவி கென்ட்ரிக் அதை வலதுபக்கக் கோட்டுக் கம்பத்தில் மோதவைத்தார், அது ஹோம் ரன். கிரெய்ன்கியை எடுத்தது தவறா, இன்னொரு ஸ்டார்ட்டரான கெரிட் கோலை அழைத்திருக்க வேண்டுமா என்று ஹூஸ்டனில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. என்னைக் கேட்டால், கிரெய்ன்கியை விட்டுவைத்திருக்கலாம். ஆனால் ஹாரிஸ் வீசிய பந்தில் குறை காண ஒன்றுமில்லை.

அந்தக் குளிர்காலத்தில் நேஷனல்ஸ் அதே ஹாரிஸை 3 ஆண்டுக்கு 2.4 கோடி டாலருக்கு எடுத்தது, ஹட்சனையும் தக்கவைத்துக்கொண்டது. தாளில் பார்த்தால் பல ஆண்டுகளில் அந்த அணிக்குக் கிடைத்த நல்ல புல்பென் அது. 60 ஆட்டங்களாகச் சுருங்கிய 2020 பருவத்தில் ஹட்சனின் ஈ.ஆர்.ஏ. 6.10, டூலிட்டிலுடையது 5.87, அணி 26 வென்று 34 தோற்றது. அதே 2020இல் கான்சஸ் சிட்டிக்கும் பிறகு சான் டியேகோவுக்கும் வீசிய ஒரு ரிலீவர் 11 சேவ் எடுத்து 1.90 ஈ.ஆர்.ஏ.வோடு முடித்தார். சிகிச்சை முடிந்து மூன்றாம் ஆண்டில் குறி திரும்பியிருந்த ட்ரெவர் ரோசன்தால்தான் அவர்.